முதலில் காட்டியது யாரிடம்

குரல் கம்மிய ஒருவர் ஸ்கேன் அறைக்குள் வந்தால், அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் அந்த அம்மாள் இரண்டு கேள்வி கேட்டுவிடுவார்.

"குரல் எப்ப கம்முச்சு? முதல்ல யாருகிட்ட காட்டினீங்க?"

பதில் வரும்வரை ஆளைப் படுக்க விடமாட்டார். வந்த பதிலைக் கறுப்பு மார்க்கரால், படம் போட்டுக் கொடுக்கிற பெரிய கவரின் மேல் தமிழில் எழுதுவார். 'குரல் கம்மல்: ஆறு மாதம். முதலில் காட்டியது: இன்னார்.' அந்த இன்னார் டாக்டராக இருக்கலாம், மெடிக்கல் கடைக்காரராக இருக்கலாம், மந்திரிக்கிறவராகவும் இருக்கலாம். யாரானாலும் பேர் விழும். கை உடைந்தவன், வயிற்று வலிக்காரன் கவரிலெல்லாம் பேரும் வயதும்தான் இருக்கும். தொண்டைக்காரர்கள் கவரில் மட்டும் இந்த இரண்டு வரி. எங்கள் பக்கத்து ஜனங்கள் கவரைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து விபூதி பூசிவிட்டுத்தான் பிரிப்பார்கள். விபூதி பூசினாலும் எழுத்து மறையாத அளவுக்குப் பெரிதாக எழுதுவார்.

பெரம்பலூர் நாலு ரோட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு ஸ்கேன் சென்டரில் ஏழு வருடம் ரிப்போர்ட் டைப் அடித்தவன் நான். அந்த அம்மாள் மிஷினை ஓட்டுகிறவர். ரிப்போர்ட் டாக்டர் திருச்சியில் இருந்தார். இங்கே எடுக்கிற படம் நெட்டில் அவருக்குப் போகும், அவர் பார்த்துப் பேசி அனுப்புவார், நான் காதில் மாட்டிக்கொண்டு அடிப்பேன். அந்த அம்மாளின் பேரை இங்கே எழுதப் போவதில்லை. காரணம் பயம்தான். நான் எழுதினால் அவர் என் பேரை எங்கேயாவது எழுதி வைப்பார்.

அவருக்குச் சண்டை போடத் தெரியாது. "நான் யாருகிட்டயும் மல்லுக்கு நிக்கமாட்டேன் சார். எழுதி வச்சுக்குவேன்" என்பார். அரியலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். ஒரு நாள் ஒரு தனியார் பஸ் கண்டக்டர், பஸ் ஸ்டாண்டுக்குள் போகாமல் மழையில் வெளியிலேயே எல்லாரையும் இறக்கிவிட்டார். மற்றவர்கள் திட்டிவிட்டு மறந்து போனார்கள். இவர் அந்த பஸ்ஸின் நம்பரை டைரியில் எழுதிக்கொண்டார். அதன் பிறகு இரண்டு வருடம், அந்த பஸ் காலியாக வந்து நின்றாலும் ஏறமாட்டார். அடுத்த பஸ்ஸுக்கு வெயிலில் இருபது நிமிடம் நிற்பார். அதே கண்டக்டர் "ஏறுங்கம்மா, சீட்டு இருக்கு" என்று கூப்பிட்டிருக்கிறார். "நீ எறக்கிவுட்ட எடத்துலயே நிக்கிறேம்பா" என்றாராம்.

என் பேரும் அந்த டைரியில் இருந்தது. நான் செய்தது புத்திசாலித்தனத்தால் வந்த தப்பு. ஒரு பெரியவருக்குக் கழுத்தில் வலது பக்கம் நெறி கட்டியிருப்பதாக ரிப்போர்ட் டாக்டர் சொல்லியிருந்தார். நான் படத்தை எடுத்துப் பார்த்தேன். கட்டி இடது பக்கம் தெரிந்தது. டாக்டர் ஏதோ ஞாபகத்தில் மாற்றிச் சொல்லிவிட்டார் என்று நினைத்து 'இடது' என்று திருத்தி அடித்துவிட்டேன். நோயாளி நம் எதிரே நிற்பது போலத்தான் படம் வரும், படத்தின் இடது பக்கம் அவருடைய வலது பக்கம் என்பது அன்று வரை எனக்குத் தெரியாது. அந்த அம்மாள் அலுவலகக் காப்பியைப் பார்த்ததும் பெரியவரின் மகனுக்கு போன் போட்டு, திருச்சி பஸ்ஸில் ஏறிவிட்டவர்களைப் பாடாலூரில் இறங்கித் திரும்பி வர வைத்தார். முதலாளியிடம் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. ஒரு வார்த்தை திட்டவும் இல்லை. ஆனால் அதற்கப்புறம் ஒரு வருடம் முழுக்க, நான் ஒவ்வொரு ரிப்போர்ட்டை நீட்டும்போதும் கேட்பார்.

"எந்தப் பக்கம் சார்?"

"வலதுங்க."

"பேஷண்டோட வலதா, உங்க வலதா?"

வயிற்று ஸ்கேனுக்கும் இதே கேள்விதான். டீக்கடையில் நான் டீயை எந்தக் கையில் பிடித்திருக்கிறேன் என்றுகூட ஒரு தடவை கேட்டார். திட்டித் தொலைத்திருந்தால் தேவலை என்று இருந்தது.

கவரில் பேர் எழுதுவதால் முதலாளிக்குத் தலைவலி. கவரில் பேர் விழுந்த டாக்டர்கள் ஆள் அனுப்புவதை நிறுத்தினார்கள். "பிழைப்பைக் கெடுக்காதேம்மா" என்று முதலாளி கெஞ்சிப் பார்த்தார், கத்தியும் பார்த்தார். "பேஷண்டு சொன்னதைத்தான் எழுதுறேன். பொய்யா இருந்தா சொல்லுங்க, அழிச்சுடுறேன்" என்று அந்த அம்மாள் சாவியை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். மூன்றாம் நாள் முதலாளியே காரில் அரியலூர் போய்க் கூட்டிவந்தார். அவரளவுக்குத் தெளிவாகக் கழுத்துப் படம் எடுக்க அப்போது எங்கள் ஊரில் வேறு ஆள் இல்லை.

தொண்டைப் படம் எடுப்பது லேசான காரியமில்லை. படம் ஓடும்போது எச்சில் விழுங்கினாலோ, இருமினாலோ எல்லாம் மங்கிப்போகும். அதுவும் தொண்டையில் கட்டி இருக்கிறவனுக்குத்தான் விழுங்காமல் இருக்க முடியாது. எதற்கு இந்தப் படம் என்று கேட்கிற மகன்களுக்கு அவர் ஒரே பாடமாகச் சொல்வார். "டியூப் வுட்டுப் பாத்த டாக்டருக்குக் கட்டி இருக்குன்னு தெரியும். அது எவ்ளோ தூரம் போயிருக்குன்னு தெரியாது. குருத்தெலும்பை ஒடச்சிருக்கா, கழுத்துல நெறி கட்டியிருக்கா, நெஞ்சுக்கு எறங்கிருச்சா, அதைத்தான் இங்க பாக்குறது. அதை வச்சுத்தான் கரண்டு வைக்கிறதா, ஆபரேஷனா, வூட்டுக்குக் கூட்டிட்டுப் போறதான்னு முடிவு பண்ணுவாங்க." எங்கள் பக்கத்தில் கதிர்வீச்சுக்குக் கரண்டு என்றுதான் பேர். மூன்றாவதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தமாட்டார். எனக்கு அது பிடிக்காது. ஆனால் சொல்லும் தைரியம் எனக்கு வந்ததில்லை.

ஒரு நாள் மத்தியானம் சாப்பிடும்போது அவராகவே அப்பாவைப் பற்றிச் சொன்னார். திருமானூர்ப் பக்கத்துக் கிராமம். கரும்பு டிராக்டர் ஓட்டியவர். வாய்க்கால் கரையில் நின்று கூப்பிட்டால் கொள்ளிடக் கரையில் இருக்கிறவன் திரும்பிப் பார்ப்பானாம். அந்தக் குரல் கம்மியது. அந்தப் பக்கத்தில் கைராசிக்காரர் என்று பேர் எடுத்த ஒரு டாக்டர் இருந்தார். அவரிடம் போனார்கள்.

"எட்டு தடவை சார். எட்டு தடவையும் ஒரு ஊசி. எட்டு தடவையும் ஒரே பேச்சு. ஒண்ணுமில்ல, சளிதான், போயிட்டு வாங்க. ஒருவாட்டி வாயைத் தொறக்கச் சொல்லி டார்ச் அடிச்சுப் பாக்கல. ஒம்பதாம் மாசம் கழுத்துல ரெண்டு பக்கமும் நெறி கட்டினதும் நாங்களாத்தான் தஞ்சாவூருக்குத் தூக்கிட்டுப் போனோம். ஸ்கேன்ல குருத்தெலும்பு ஒடஞ்சு, நெஞ்சுல புள்ளி புள்ளியா இருந்துச்சு. வூட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னுட்டாங்க."

அழவில்லை. தயிர்ச் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "அந்த டாக்டரு இந்த மேஜையில வந்து படுக்கணும் சார். நான் வேண்டுறது அது ஒண்ணுதான்."

"அப்ப நீங்க எங்க இருந்தீங்க?" என்று சும்மா கேட்டு வைத்தேன். டிபன் பாக்ஸை மூடி எழுந்து போய்விட்டார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அதற்கும் ஏதோ எழுதி வைத்திருப்பார் என்று விட்டுவிட்டேன்.

அவர் வேண்டியது நடந்தது.

ஒரு நாள் பதினோரு மணிக்கு வெள்ளைச் சட்டை போட்ட வயதானவர் ஒருவர் மகனோடு உள்ளே வந்தார். பெஞ்சில் இருந்தவர்களில் பாதிப்பேர் எழுந்து நின்றார்கள். "நம்ம கைராசி டாக்டரு" என்று ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். அவர் எல்லாரையும் பார்த்துக் கையைத் தூக்கிச் சிரித்தார். நல்ல சிரிப்பு. பேச்சுதான் வரவில்லை, காற்று மட்டும் வந்தது. திருச்சியில் டியூப் விட்டுப் பார்த்த டாக்டர், பரவியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிச் சீட்டுக் கொடுத்திருந்தார்.

அந்த அம்மாள் கவரையும் மார்க்கரையும் எடுத்துக்கொண்டு வெளியே, பெஞ்சுக்கே வந்தார். இந்த ஒரு ஆளைத்தான் உள்ளே கூப்பிடாமல் எல்லார் நடுவிலும் வைத்துக் கேட்டார். நான் டைப் அடிப்பதை நிறுத்தினேன். அந்த டாக்டர் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. ஆனாலும் பார்க்க வேண்டும் என்று இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப் போகிறது?

"குரல் கம்மி எத்தனை மாசமாச்சுங்க?"

"அஞ்சு மாசம்."

"முதல்ல யாருகிட்ட காட்டினீங்க?"

டாக்டர் சிரிக்கப் பார்த்தார். "நானே டாக்டர்தானேம்மா."

"அது தெரியுங்க. யாருகிட்ட காட்டினீங்க?"

"யாருகிட்டயும் இல்ல. நானேதான் பாத்துக்கிட்டேன். சளின்னு நெனச்சேன்."

"கேக்கல சார். சத்தமாச் சொல்லுங்க."

அவர் மறுபடி சொன்னார். முன்பைவிடக் குறைவாகத்தான் வந்தது.

"கேக்கல சார்."

"அப்பாவால பேச முடியலங்க. நான் சொல்றேன், எழுதிக்குங்க" என்று மகன் குறுக்கே வந்தார்.

"பேஷண்டு வாயால சொல்லணும் தம்பி. இங்க அதான் வழக்கம்."

மூன்றாவது தடவை டாக்டர் கழுத்து நரம்பு புடைக்க, "நானேதான்... சளின்னு நெனச்சேன்" என்றார். சொல்லிவிட்டு வெகு நேரம் இருமினார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எழுந்து நின்ற ஜனங்கள் உட்காருவதா நிற்பதா என்று தெரியாமல் நின்றார்கள். அந்த அம்மாள் அவர் கண் முன்னாலேயே கவரை முழங்காலில் வைத்து, 'முதலில் காட்டியது' என்ற இடத்தில் அவருடைய பேரையே, பட்டத்தோடு சேர்த்து எழுதினார்.

"என்னைத் தெரியுதுங்களா?"

டாக்டர் தலையாட்டினார், இல்லை என்று.

"திருமானூர்ப் பக்கம். எங்கப்பா கரும்பு டிராக்டர் ஓட்டினவரு. உங்ககிட்ட எட்டு தடவை வந்தாரு."

"ஞாபகம் இல்லையேம்மா. ஒரு நாளைக்கு எவ்வளவோ பேரு..."

"பரவால்லீங்க. எனக்கு இருக்கு."

உள்ளே படுக்க வைத்துக் கையில் மருந்து ஏற்றினார். நாங்கள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்தோம். மைக்கில் "முழுங்காதீங்க, இருமாதீங்க, அசையாதீங்க" என்றார். மிஷின் ஓடியது. டாக்டர் இருமிவிட்டார். திரையில் குரல்வளை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கலங்கல். மருந்து உடம்பில் இருக்கும்போதே மறுபடி எடுத்தாக வேண்டும். இல்லையென்றால் இன்னொரு நாள், இன்னொரு ஊசி, இன்னொரு அலைச்சல். ஒரு வாரம் பத்து நாள் போகும்.

"விட்டுடுங்க. தெளிவில்லைன்னு ரிப்போர்ட்ல வந்துடும். அலையட்டும்" என்றேன். நான்தான் சொன்னேன், அவர் இல்லை.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மங்கலா இருந்தா தப்பிச்சுக்குவாரு சார். எனக்குத் தெளிவா வேணும்."

உள்ளே போனார். மைக் திறந்திருந்ததால் அவர் பேசியது எனக்குக் கேட்டது. டாக்டரின் நெற்றிப் பட்டையை இறுக்கிக்கொண்டே சொன்னார். "பதினஞ்சு செகண்டு சார். எங்கப்பா ஒம்பது மாசம் பொறுத்துக்கிட்டாரு. நீங்க பதினஞ்சு செகண்டு பொறுத்துக்குங்க."

டாக்டர் பொறுத்துக்கொண்டார். படம் கண்ணாடி போல வந்தது. அந்த அம்மாள் மேலிருந்து கீழே ஒவ்வொரு துண்டாக ஓட்டிப் பார்த்தார். குரல் நாண் ஒன்றில் கட்டி. கழுத்தில் வலது பக்கம் சின்னதாக ஒரு நெறி. குருத்தெலும்பு உடையவில்லை. நெஞ்சுக்கு வந்தார், ஓட்டினார். மறுபடி மேலே போய் ஓட்டினார். மூன்றாவது முறையும் ஓட்டினார். இருந்துவிடக் கூடாதே என்று தேடுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இருந்தாக வேண்டும் என்று தேடிய ஒருவரை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"நெஞ்சு சுத்தமா இருக்கு" என்றார். யாரோ அவரை ஏமாற்றிவிட்ட குரலில் சொன்னார்.

டாக்டர் வெளியே வந்ததும் அந்த அம்மாளின் முகத்தையே பார்த்தார். எத்தனையோ பேர் அந்த டாக்டரின் முகத்தை அப்படிப் பார்த்திருப்பார்கள். "ஒண்ணுமில்லதானேம்மா?" என்று கேட்டார்.

"அந்த வார்த்தையை நான் சொல்றதில்லீங்க. ரிப்போர்ட்டு நாலு மணிக்கு வரும். உக்காருங்க."

நெஞ்சு சுத்தம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ரிப்போர்ட் வருமுன் சொல்லக் கூடாது என்று விதி இருக்கிறது, வாஸ்தவம். ஆனால் ஏழைப்பட்டவர்கள் யாராவது பயந்து நடுங்கினால் அந்த விதியை அவர் எத்தனையோ தடவை மீறியதை நான் கண்டிருக்கிறேன். அன்றைக்கு மீறவில்லை. கைராசி டாக்டர் தன் பேர் எழுதிய கவரை மடியில் வைத்துக்கொண்டு, தன்னிடம் ஊசி போட்டுக்கொண்ட ஜனங்களுக்கு நடுவில் நாலு மணி வரை அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கவரைத் திருப்பி வைத்துப் பார்த்தார். பின்பக்கமும் எழுதியிருந்தது.

நான் ரிப்போர்ட்டை நீட்டினேன். "எந்தப் பக்கம் சார்?" என்றார். பழைய கேள்வி, ரொம்ப நாள் கழித்து. "பேஷண்டோட வலது" என்றேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்து அனுப்பினார்.

அந்த டாக்டர் கரண்டு வைத்துக்கொண்டு பிழைத்துவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டோம். அதற்கப்புறம் அவர் கிளினிக்கிலிருந்து, குரல் கம்மி மூன்றே வாரம் ஆனவர்களெல்லாம் தொண்டை டாக்டருக்குச் சீட்டோடு போக ஆரம்பித்தார்கள். அதில் சிலர் எங்களிடமும் வந்தார்கள். அந்த அம்மாள் சீட்டைப் பார்ப்பார், "இப்ப அனுப்புறாரு" என்பார், பேரை எழுதுவார். அதையும் அவர் மன்னித்ததாகத் தெரியவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது அன்றைக்கு அவர்கள் போன பிறகு நடந்தது. மகன் காரை எடுத்துக்கொண்டு போனதும், கொஞ்சம் கிண்டலாகத்தான் கேட்டேன். "என்னங்க, மனசு ஆறுச்சா? டைரில அடிச்சுடலாமா?"

அவர் தன் மேஜையின் கீழ் டிராயரைச் சாவி போட்டுத் திறந்தார். பழுப்பேறிய ஒரு கவர். ஓரமெல்லாம் நைந்து டேப் ஒட்டியிருந்தது. தஞ்சாவூரில் எடுத்த அவர் அப்பாவின் படம். "நான் எழுதின முதல் கவரு இதான்" என்று என் முன்னால் வைத்தார்.

'குரல் கம்மல்: ஒன்பது மாதம்.' அதே எழுத்து, கொஞ்சம் நடுங்கியிருந்தது. அதற்குக் கீழே 'முதலில் காட்டியது' என்று இருந்த இடத்தில் கைராசி டாக்டரின் பேரைத் தேடினேன். அது இரண்டாவதாக இருந்தது. முதலாவதாக, 'மகளிடம்' என்று எழுதியிருந்தது.

"அப்ப எங்க இருந்தீங்கன்னு கேட்டீங்கள்ல? அரியலூர்ல ஒரு எக்ஸ்ரே ரூம்ல இருந்தேன். கரும்பு இறக்கிட்டு வந்தவரு, அழுக்குச் சட்டையோட நேரா அங்கயே வந்துட்டாரு. 'பாப்பா, தொண்டையில முள்ளு நிக்கிற மாதிரியே இருக்கு. நீதான் படம் எடுக்குறியே, எனக்கும் ஒண்ணு எடுத்துப் பாரேன்'னாரு. வெளிய கும்பல் நிக்கிது. எனக்கு வெக்கமா இருந்துச்சு சார். 'ஒண்ணுமில்லப்பா, சளியா இருக்கும். நம்ம கைராசி டாக்டருகிட்ட ஒரு ஊசி போட்டுக்க போ'ன்னு அனுப்பிட்டேன்."

வெளியே அடுத்த ஆட்கள் வந்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். யாரோ இருமினார்கள்.

"கேளுங்க சார்" என்றார்.

"என்னத்தைங்க?"

"நான் எல்லாரையும் கேக்குறேன்ல. என்னை இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல. கேளுங்க."

மார்க்கரை என் கையில் திணித்தார். வேறு வழியில்லாமல் கேட்டேன். "முதல்ல யாருகிட்ட காட்டினாரு?"

"எங்கிட்ட."

இரண்டடி தூரத்தில் இருந்த எனக்கே அது சரியாக விழவில்லை.

"கேக்கலன்னு சொல்லுங்க சார்" என்றார்.

நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? அவரே இன்னொரு முறை சொன்னார். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.